அவனுக்கு 90, எனக்கு 55: கார்ட மாத்தவா? (வாங்கறவங்க கேள்வி-பதில்)

இந்த வாரம் வந்த லெட்டர்ல பாதிக்கு மேல ஒரே சமாச்சாரம்தான். ஏதோ ஒரு ஆன்லைன் கேம், இன்னும் முடிக்கவே இல்ல, டெஸ்ட் பண்ண ஆள் எடுத்துருக்காங்க (இதத்தான் பீட்டான்னு சொல்றது), நம்ம ஏரியா பசங்க கும்பலா உள்ள பூந்துட்டாங்க, பூந்தவங்க எல்லாம் இப்போ கிராபிக்ஸ் கார்டு மாத்தணும்னு ஒத்தக்கால்ல நிக்கறாங்க. கேம் பேர நான் போட மாட்டேன். உள்ள நடக்கறத வெளில சொல்ல மாட்டேன்னு ஓகே அமுக்கிட்டுதான் எல்லாரும் போயிருக்கீங்க, அத ஒருத்தரும் படிச்சிருக்க மாட்டீங்கன்னு எனக்கு தெரியும்.

கேள்வி: என்கிட்ட ஆர்டிஎக்ஸ் 3060, ஃப்ரெண்டுகிட்ட ஆர்எக்ஸ் 6600. ரெண்டு பேரும் ஒரே பீட்டாதான் ஆடறோம். அவனுக்கு 90 எஃப்பிஎஸ் (ஒரு செகண்டுக்கு வர்ற படம், அதாவது ஃப்ரேம்) வருது, எனக்கு 55. என்னோடதுதான் வெல ஜாஸ்தி. வித்துட்டு அவன்து மாதிரி ஒண்ணு வாங்கிடவா அண்ணே? (எம்.கே.பி. நகர்)

விக்காத.

அந்த ரெண்டு கார்டும் முடிஞ்சு வெளிவந்த கேம்ல ஏறக்குறைய தோளோட தோள் நிக்கற கார்டு. 90க்கும் 55க்கும் நடுவுல இருக்கற பள்ளம் கார்டால மட்டும் வராது. நீ எழுதாம விட்டதுலதான் விஷயமே இருக்கு, உன் ப்ராசசர் என்ன, அவன் ப்ராசசர் என்ன, ரெண்டு பேரும் கேம்ல எங்க நின்னு நம்பர பாத்தீங்க? அவன் காட்டுல தனியா நின்னிருப்பான், நீ நடு சந்தைல நூறு பேர் குதிச்சிட்டிருக்கற எடத்துல நின்னிருப்ப. ஆன்லைன் கேம்ல கூட்டம் சேந்தா ஒவ்வொருத்தனும் எங்க போறான், என்ன போட்டிருக்கான்னு கணக்கு போடறது ப்ராசசர்தான், அது முடிச்சு குடுக்கற வரைக்கும் கார்டு கைய கட்டிட்டு நிக்கும். காசிமேட்டுல வஞ்சிரம் வெல கேட்டுட்டு வந்து சிந்தாதிரிப்பேட்டைல மத்தி வெலயோட கம்பேர் பண்ணுவியா? அததான் பண்ணிட்டிருக்க.

இன்னைக்கு நைட்டே ஒரு வேல பண்ணு. அதே சந்தைல நின்னுட்டு ரெசல்யூஷன 1080லேர்ந்து 720க்கு எறக்கு. 55 அப்படியே நின்னா கார்டு மேல தப்பில்ல, ப்ராசசர்தான் மூச்சு வாங்குது. நம்பர் நல்லா ஏறுச்சுன்னா கார்டு பக்கம் பாக்கலாம். எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர்னு ஒரு சாஃப்ட்வேர் போட்டா ஜிபியு (கார்டோட சிப்) எத்தன சதவீதம் வேல செய்யுதுன்னு ஸ்க்ரீன் மேலயே காட்டும், 97, 98ல இருந்தா கார்டு முழுசா உழைக்குது, 60ல இருந்தா வேல இல்லாம சும்மா இருக்குன்னு அர்த்தம்.

அப்புறம் செட்டிங்ஸ். நிறைய பீட்டா கேம் உன் கார்ட பாத்துட்டு தானாவே செட்டிங்ஸ் போட்டுக்கும், ரெண்டு பேருக்கும் ஒண்ணா போடாது. அவனுக்கு எஃப்எஸ்ஆர் பெர்ஃபாமன்ஸ் மோட்ல ஓடுதுன்னு வை, ஸ்க்ரீன் 1080னு சொல்லும், உள்ள வரையறது 960க்கு 540தான், மிச்சத்த ஊதி பெருசாக்கி காட்டுது. அதுக்கும் மேல ஃப்ரேம் ஜெனரேஷன் ஆன்ல இருந்தா ரெண்டு நிஜ ஃப்ரேமுக்கு நடுவுல ஒண்ண அதுவா செஞ்சு சொருகும், 45 வந்தா 90ன்னு காட்டும், மவுஸ அசச்சா கைக்கு 45தான் தெரியும். அவன் மெனுவ நீயே தெறந்து பாரு, ஃப்ரெண்டு சொன்னான்னு நம்பாத.

சரியா கம்பேர் பண்ணணும்னா, ரெண்டு பேர் கேமும் ஒரே பில்டு நம்பர்ல (வெர்ஷன்ல) இருக்கணும், ஒரே எடத்துலேர்ந்து ஒரே ரோட்ல ஒரு நிமிஷம் நடக்கணும், மூணு தரம். மொத தரத்த தூக்கி போட்டுடு, அப்போதான் ஷேடர் (படம் வரையற குட்டி ப்ரோக்ராம்) எல்லாம் கம்பைல் ஆகி திக்கி திக்கி ஓடும். கேப்ஃப்ரேம்எக்ஸ்னு ஒண்ணு ஃப்ரீயாவே கெடைக்குது, அது சராசரிய மட்டும் இல்லாம 1% லோவும் குடுக்கும், அதாவது ரொம்ப மோசமா போன ஃப்ரேம்லாம் எப்படி இருந்துச்சுன்னு. 60 எஃப்பிஎஸ்னா ஒரு ஃப்ரேமுக்கு 16.7 மில்லி செகண்ட். சராசரி 90 காட்டிட்டு நடுநடுவுல 80 மில்லி செகண்ட் முழிக்கற கார்ட விட ஒழுங்கா 60 ஓடறது எவ்வளவோ தேவல.

இதெல்லாம் விட பெஸ்ட்டு ஒண்ணு இருக்கு, ஒரு ஞாயித்துக்கிழம அவன் கார்ட கழட்டி எடுத்துட்டு வர சொல்லி உன் கேபினட்ல மாட்டு. டிடியுன்னு ஒரு சாஃப்ட்வேர் இருக்கு, அத போட்டு பழைய டிரைவர (கார்ட ஓட்டற சாஃப்ட்வேர) சுத்தமா தொடச்சிட்டு புதுசு போட்டுக்கோ. அன்னைக்கே ரெண்டையும் முடிச்சிடு, மறுநாள் கேமுக்கு பேட்ச் (திருத்தம்) வந்தா நேத்து எடுத்த நம்பர் குப்பைதான்.

ஒண்ணு ஒத்துக்கறேன். 144 ஹெர்ட்ஸ் (செகண்டுக்கு 144 தரம் படம் மாத்தற) மானிட்டர் வாங்கிட்டு எட்டு மாசம் 60லயே ஓட்டுனவன் நான், விண்டோஸ்ல ஒரு எடத்துல மாத்தணும்னு தெரியாம கார்ட திட்டிட்டிருந்தேன். அதையும் ஒரு தரம் பாத்துக்கோ.

கேள்வி: பீட்டா ஆடுனா கார்டு எரிஞ்சிடும்னு சொல்றாங்களே, நெஜமா? (தண்டையார்பேட்ட)

சும்மா கெளம்புன கத இல்ல இது. 2021 ஜூலைல அமேசானோட நியூ வேர்ல்டு க்ளோஸ்டு பீட்டா ஓடுனப்போ ஆர்டிஎக்ஸ் 3090 வச்சிருந்த சில பேருக்கு கார்டு செத்து போச்சு, அதுலயும் நிறைய ஈவிஜிஏ கம்பெனி கார்டு. மெனு ஸ்க்ரீன்ல ஃப்ரேமுக்கு லிமிட்டே வைக்கல, ஒண்ணுமே நடக்காத மெனுவ கார்டு தல தெறிக்க வரஞ்சிட்டிருந்துச்சு. அப்புறம் அமேசான்காரங்க லிமிட் போட்டாங்க. ஈவிஜிஏ பின்னாடி செக் பண்ணி பாத்தப்போ சுமார் ரெண்டு டஜன் கார்டுல சால்டரிங் சரியில்லன்னு சொல்லி மாத்தி குடுத்துட்டாங்க. ஆக கேம் மட்டும் கொல்லல, ஏற்கனவே சொத்தையா இருந்தத வெளில காட்டி குடுத்துச்சு. நீ டிரைவர் செட்டிங்ஸ்ல போய் மேக்ஸ் ஃப்ரேம் ரேட்ட உன் மானிட்டர் அளவுக்கு வச்சிட்டு நிம்மதியா ஆடு.

கேள்வி: 4,000 ரூபா கட்டி ப்ரீ-ஆர்டர் பண்ணா பீட்டா கீ தராங்களாம். கட்டலாமா? (கொருக்குப்பேட்ட)

டெஸ்ட் பண்றவனுக்குதான்யா கூலி குடுக்கணும். கட்டாத.

கேள்வி: பிங் (சர்வருக்கு போய் வர்ற நேரம், மில்லி செகண்ட்ல) 140 காட்டுது, ஓடும்போது ஆள பின்னாடி இழுத்து விடுது. 4060 கார்டு போட்டா சரியாகுமா? (திருவொத்தியூர்)

ஆகாது. அது நெட்டு, இல்லன்னா அவங்க சர்வர். லேன் ஒயர் வாங்கு.

கேள்வி: யூடியூப்ல 3050ல இந்த பீட்டா சூப்பரா ஓடறத பாத்துட்டுதான் நானும் 3050 வாங்குனேன். எனக்கு அதுல பாதிக்கு கொஞ்சம் மேலதான் வருது. பில் இருக்கு, டப்பாவும் இருக்கு. 6ஜிபினு போட்டிருக்கு. கடக்காரர் என்ன ஏமாத்திட்டாரா? (பெரம்பூர்)

ஏமாத்தல. டப்பால 6ஜிபினு அவ்ளோ பெருசா போட்டிருக்கு, நீ வாங்கறப்போ படிக்கல, எனக்கு லெட்டர் எழுதறப்போ படிச்சிருக்க.

உன்ன திட்டிட்டேன், இப்போ கார்டு செய்யற என்விடியாகாரங்கள திட்டறேன், இது எனக்கு ரொம்ப நாள் எரிச்சல். 2022 ஜனவரில வந்த ஆர்டிஎக்ஸ் 3050 8ஜிபி, 2560 கோர் (கணக்கு போடற குட்டி யூனிட்), 128 பிட் மெமரி பஸ் (மெமரிக்கு போற ரோட்டோட அகலம்). 2024 பிப்ரவரில அதே 3050 பேர்ல 6ஜிபினு ஒண்ணு விட்டாங்க, 2304 கோர், 96 பிட், 70 வாட்ஸ். மெமரி 2ஜிபி கம்மி, அவ்ளோதான்னு நெனச்சு ஜனங்க வாங்குது, ஆனா சிப்போட தெம்பே கம்மி. இது புதுசும் இல்ல, 2016ல ஜிடிஎக்ஸ் 1060 வந்துச்சு, 6ஜிபிக்கு 1280 கோர், 3ஜிபிக்கு 1152. ஜிடி 1030 இன்னும் கேவலம், மொதல்ல ஜிடிடிஆர்5 மெமரியோட வந்தது நொடிக்கு 48 ஜிபி தள்ளும், 2018ல டிடிஆர்4 போட்டு அதே பேர்ல விட்டது 17 கூட தள்ளாது, மூணுல ஒரு பங்கு, பேர் மட்டும் ஒண்ணு. போட்டி கம்பெனி ஏஎம்டிகாரங்க யோக்கியம்னு நெனைக்காத, ஆர்எக்ஸ் 580 2048எஸ்பினு ஒண்ணு, பேருதான் 580, உள்ள இருக்கறது 570 அளவு. திரும்ப என்விடியா, 2022ல 4080 12ஜிபினு ஒண்ண அறிவிச்சுட்டு, உலகமே காறித்துப்புனதும் அடுத்த மாசமே வாபஸ் வாங்குனாங்க, அது பின்னாடி 4070 டிஐன்னு வேற பேர்ல வந்துச்சு. கத்துனா கேக்கறாங்க பாரு. சின்ன கார்டு வாங்கறவனுக்காக யாரும் கத்தறதில்ல, அதான் கீழ இருக்கற கார்டுல எல்லாம் இந்த வேல நடக்குது. சோப்பு சைஸ கொறச்சா கூட டப்பால கிராம் போட்டு தொலைக்கறான், இங்க கோர் எண்ணிக்க டப்பால இருக்கான்னு நீங்களே போய் தேடி பாருங்க.

எங்க அக்கா பையனுக்கு நான் வாங்கி குடுத்ததும் இப்படி ஒரே பேர்ல ரெண்டு ரகம் வந்த கார்டுதான். எந்த கம்பெனின்னு வேணாம் விடு. ஊருக்கெல்லாம் புத்தி சொல்ற மாமா அந்த பையன் முன்னாடி மூணு மாசம் தல குனிஞ்சிட்டு இருந்தேன்.

உனக்கு ஒரு நல்ல சேதி, அந்த 6ஜிபிக்கு பெரும்பாலும் தனியா பவர் ஒயர் வேணாம், மதர்போர்டு ஸ்லாட்லேர்ந்தே வாங்கிக்கும். உன் பழைய எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை டப்பா) பொழச்சுது. ஷேடோ, டெக்ஸ்சர் ரெண்டையும் ஒரு படி எறக்கி ஆடு.

கேள்வி: ஐயா, என் மகன் பார்ட் டைம் வேல பாத்து சேத்து வச்ச 9,500 ரூபாய்க்கு ஒரு கடைல 1050 டிஐ 4ஜிபி கார்டு வாங்குனான். புதுசுன்னுதான் குடுத்தாங்க, பில் தரல, ஜிபேல கட்டுனோம். கேம் தெறந்தாலே நின்னு போகுது. ஒரு சாஃப்ட்வேர்ல பாத்தா ஃபேக்குன்னு வருதாம். கடைல கேட்டா போர்ட காட்டி, வித்த பொருள் திரும்ப வாங்க மாட்டோம்னு வெரட்டறாங்க. பதினோரு நாள் ஆச்சு. (ராயபுரத்துலேர்ந்து ஒரு அம்மா)

அம்மா, உங்க பையன் மேல எந்த தப்பும் இல்ல, அவன திட்டாதீங்க. ஜிபியு-இசட்ல பாத்திருக்கான், வெவரமான பையன். 2010, 2011ல வந்த ஜிடிஎஸ் 450, ஜிடிஎக்ஸ் 550 டிஐ மாதிரி பழைய சிப்புக்கு பயாஸ (கார்டுக்குள்ள இருக்கற அடிப்படை ப்ரோக்ராம) மாத்தி எழுதி 1050 டிஐன்னு பொய் சொல்ல வைக்கறாங்க, 768 கோர் இருக்க வேண்டிய எடத்துல 192தான் இருக்கும். கார்டு பின்னாடி நீல கலர் விஜிஏ போர்ட் இருக்கான்னு பாக்க சொல்லுங்க. 1050 டிஐ சிப்ல விஜிஏ அவுட்புட்டே கிடையாது, அது இருந்தா கிட்டத்தட்ட அங்கயே முடிஞ்சுது கத.

கடைல மாட்டியிருக்கற அந்த போர்டுக்கு பயப்படாதீங்க. 2019 நுகர்வோர் பாதுகாப்பு சட்டத்துல பில் குடுக்காம இருக்கறதே முறையற்ற வணிகம்னு எழுதியிருக்கு. கொறை உள்ள பொருள பில்லுல போட்ட கெடுவுக்குள்ள திரும்ப வாங்கி பணத்த தர மாட்டேன்னு சொல்றதும் அதேதான், கெடு எதுவும் போடலன்னா 30 நாள். உங்களுக்கு பில்லே இல்ல, பதினோரு நாள்தான் ஆகுது, அதனால இன்னைக்கே எறங்குங்க. ஜிபே ஸ்க்ரீன்ஷாட், ஜிபியு-இசட் ஸ்க்ரீன்ஷாட், கார்டு ரெண்டு பக்கமும் போட்டோ, டப்பா போட்டோ எல்லாம் எடுத்து வச்சுக்கோங்க. கடைக்கு ஒரு லெட்டர் எழுதி ஸ்பீட் போஸ்ட்ல அனுப்புங்க, வாட்ஸ்அப்லயும் போடுங்க. 1915க்கு போன் பண்ணா தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன்ல புகார் எடுத்துப்பாங்க. பல கடைக்காரங்க அந்த ஸ்டேஜ்லயே எறங்கி வந்துடுவாங்க. வரலன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம், 5 லட்சம் வரைக்கும் பீஸ் கிடையாது, வக்கீல் வேணும்னு கட்டாயம் இல்ல, ஆன்லைன்லயே போடலாம், ரெண்டு வருஷம் டைம் இருக்கு. அவங்க கேட்டாங்கன்னு கார்ட மட்டும் ரசீது இல்லாம திருப்பி குடுத்துடாதீங்க. என்ன ஆச்சுன்னு எனக்கு கண்டிப்பா எழுதுங்கம்மா.

கேள்வி: ஓஎல்எக்ஸ்ல ஒருத்தர் மைனிங்ல (கிரிப்டோ காயின் எடுக்கறதுல) ஓடாத கார்டுன்னு சத்தியம் பண்றாரு. நம்பலாமா? (வண்ணாரப்பேட்ட)

சத்தியத்துக்கு வாரன்ட்டி கிடையாது. அவர் வீட்டுக்கே போய் அவர் பிசில மாட்டி அரைமணி நேரம் ஓட விட்டு பாரு. மாட்ட மாட்டேன்னா டீ குடிச்சிட்டு கெளம்பு.

கேள்வி: என்கிட்ட பழைய 1650. பீட்டால 40தான் வருது. கேம் ரிலீஸ் ஆகறப்போ கூடுமா, இல்ல இப்பவே புது கார்டு வாங்கிடவா? (கொடுங்கையூர்)

டெஸ்ட் பில்டுல தப்பு எங்க வருதுன்னு எழுதி வைக்கற கோடு கூடவே ஓடிட்டிருக்கும், கார்டு கம்பெனியும் அந்த கேமுக்குன்னு டிரைவர் பெரும்பாலும் ரிலீஸ் டைம்லதான் விடுவான், அதனால கூடலாம். ரிலீஸ் அன்னைக்கு கூட்டம் ஏறி, புதுசா மழை, வெயில்னு எஃபெக்ட் எல்லாம் சேத்து கொறஞ்சாலும் கொறையும். இந்த 40 உனக்கு எதையும் சொல்லல. இப்போ எந்த ஊர்ல எந்த மூலைல நின்னு 40 பாத்தியோ அத செட்டிங்ஸோட ஒரு போட்டோ எடுத்து வை, ரிலீஸ் ஆகி ரெண்டு வாரம் கழிச்சு அதே மூலைல போய் நின்னு பாரு. காசு அதுவரைக்கும் பேங்க்லயே கெடக்கட்டும்.