எழுத்தை நிறுத்திய தோழி – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் தோழி நன்றாகக் கதை எழுதுவாள். இப்போது ‘எனக்கு எழுத வராது’ என்று நிறுத்திவிட்டாள். ‘பிரமாதம், உனக்குத் திறமை இருக்கிறது’ என்று எத்தனை முறை சொன்னாலும் நம்ப மறுக்கிறாள். வேறு என்ன செய்வது?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

நீங்கள் மனதாரத்தான் சொல்கிறீர்கள். ஆனால் ‘திறமை இருக்கிறது’ என்பதில் அவருடைய கதை இல்லை. பாசத்தில் சொல்கிறாள் என்று அவர் மனம் உடனே தள்ளிவிடும். நம்பிவிட்டாலும் ஆபத்துதான், அடுத்த கதை சரியாக வராதபோது அந்தத் திறமையே போய்விட்டதாகத் தோன்றும். பள்ளிக் குழந்தைகளிடம் உளவியலாளர்கள் முல்லர், ட்வெக் இருவரும் நடத்தி 1998இல் வெளியிட்ட ஆய்வில், புத்திசாலி என்று பாராட்டப்பட்டவர்கள், முயற்சிக்காகப் பாராட்டப்பட்டவர்களைவிட, தோல்விக்குப் பின் தொடர்ந்து முயல்வதில் குறைந்த ஆர்வமே காட்டினார்கள்.

தள்ள முடியாத பாராட்டு, இடம் சுட்டிச் சொல்வது. கதையை இரண்டு முறை படியுங்கள். முதல் முறை பென்சில் வேண்டாம். இரண்டாம் முறை, உங்களைப் பிடித்து நிறுத்திய வரிகளின் ஓரத்தில் கோடு போடுங்கள். கவனம் சிதறிய இடத்தில் புள்ளி வையுங்கள். பிறகு மூன்று கோடுகளைப் பற்றி மட்டும் எழுதி அனுப்புங்கள். ‘அம்மா கதவைத் திறக்காமலே பேசுகிற இடத்தில் பயந்துவிட்டேன், அவள் முகத்தை நீ காட்டவில்லை, அதனால்தான்’ என்பதுபோல. உங்களுக்கு என்ன ஆயிற்று, எந்த வரியால் ஆயிற்று, இரண்டும் வேண்டும். புள்ளிகளை அவர் கேட்டால் சொல்லுங்கள், அதுவும் ஒன்றிரண்டு. எப்படித் திருத்துவது என்பதை அவரிடமே விட்டுவிடுங்கள்.

படிக்கும் முன் ‘இது முதல் வரைவா, முடித்ததா?’ என்று கேட்டுக்கொள்ளுங்கள். முதல் வரைவில் பிழை திருத்திக் கொடுப்பதுதான் நல்ல நண்பர்கள் செய்கிற பெரிய கெடுதல். கதை இன்னும் உருவாகியே இருக்காது. அதை விட்டுவிட்டு அவர் வாக்கியங்களைச் செப்பனிட உட்கார்ந்துவிடுவார்.

தாமதமும் அப்படித்தான். பதில் வராத ஒவ்வொரு நாளும் ‘பிடிக்கவில்லை’ என்றே அவருக்குப் படும். கதை கிடைத்ததும் ‘வந்தது, ஞாயிறன்று சொல்கிறேன்’ என்று ஒரு வரி போதும். ஞாயிறு தவறக் கூடாது.

ரஷ்ய இசையமைப்பாளர் ராக்மனினோவின் முதல் சிம்பொனி, அதாவது பெரிய இசைக்குழுவுக்கான படைப்பு, 1897இல் அரங்கேறித் தோற்றது. அதன்பின் ஏறக்குறைய மூன்றாண்டுகள் அவரால் பெரிதாக எதையும் இயற்ற முடியவில்லை. 1900இல் மருத்துவர் நிகோலாய் டாலிடம் சிகிச்சைக்குப் போனார். அவர் மனதில் டால் பதிய வைத்தது ‘நீங்கள் மேதை’ என்பதை அல்ல, எழுத வேண்டியிருந்த அந்தப் பியானோ கான்செர்ட்டோவை (பியானோவும் இசைக்குழுவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பை) எழுதத் தொடங்குவீர்கள் என்பதை. இரண்டாம் பியானோ கான்செர்ட்டோ டாலுக்கே சமர்ப்பணம் ஆனது.

ஆகவே பொதுவாக ‘எழுது’ என்னாதீர்கள். ‘வெள்ளிக்கிழமைக்குள் 300 சொல், ஒரே காட்சி, முடிவு வேண்டாம், எனக்கு மட்டும்’ என்று கேளுங்கள். வந்ததும் மூன்று கோடுகள். அடுத்த வெள்ளிக்கு இன்னொன்று. பிரசுரம் பற்றியோ, கூட எழுதியவர்கள் எவ்வளவு முன்னேறிவிட்டார்கள் என்பது பற்றியோ இப்போது பேச்செடுக்க வேண்டாம்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். எழுத்து மட்டுமல்லாமல் தூக்கம், சாப்பாடு, பிடித்தவர்களோடு பேசுவது எல்லாமே இரண்டு வாரத்துக்கு மேல் அவருக்கு விட்டுப்போயிருந்தால், அது கதை பற்றிய ஐயம் மட்டுமாக இருக்காது. கதையை ஒதுக்கி வைத்துவிட்டு, மனநல மருத்துவரிடம் அவரோடு கூடப் போங்கள்.