கமராக்காரரிட்டக் கேளுங்கோ: கம்பிக்குப் பின்னால ஒரு சிறுத்தை

கேள்வி: லீவுக்குப் பிள்ளையளோட கொழும்புக்குப் போய் தெஹிவளை மிருகக்காட்சிச்சாலையும் பாத்திட்டு வந்தனாங்கள். மூத்தவன் போனில ஒரு சிறுத்தையை வடிவா எடுத்தவன், ஆனால் ஒரு கம்பி சரியா அதின்ர இடது கண்ணுக்கு மேலால போகுது. போனில இருக்கிற அழிக்கிற வசதியால அழிச்சுப் பாத்தன், கம்பி போட்டுது, கண்ணும் சேர்ந்து போட்டுது, அந்த இடத்தில மயிர்க்கட்டி மாதிரி ஏதோ ஒண்டு நிக்குது. என்ன செய்யலாம் அண்ணை?
- வாசகி, கோண்டாவில்

பதில்: தங்கச்சி, கம்பிக்குப் பின்னால என்ன இருந்தது எண்டு அந்த போனுக்குத் தெரியாது. சுத்திவர இருக்கிறதைப் பாத்து இதுதான் இருந்திருக்கும் எண்டு ஒரு ஊகத்தில நிரப்பி விடுது, அவ்வளவுதான். புல்லு, சீமெந்துச் சுவர், வானம் எண்டால் அந்த ஊகம் பிழைச்சாலும் ஒருத்தரும் கண்டுபிடிக்க மாட்டினம். கண், மீசைமயிர், புள்ளி எண்டு வந்தால் உடன பிடிபட்டுப்போகும். அதிலயும் சிறுத்தையின்ர புள்ளி எங்கட கைரேகை மாதிரி ஒண்டுக்கொண்டு வித்தியாசம், ஆராய்ச்சி செய்யிற ஆக்கள் அந்தப் புள்ளியை வச்சுத்தான் இது எந்தச் சிறுத்தை எண்டு அடையாளம் பிடிக்கிறவை. அதால இப்ப உங்கட படத்தில நிக்கிறது அரைவாசி தெஹிவளைச் சிறுத்தை, மிச்சம் போன் பெத்தது.

முதல்ல ஒண்டு கேக்கிறன், மகன் ஒரு படம் மட்டுமோ எடுத்தவன்? பெடியள் எப்பிடியும் நாலஞ்சு தரம் அமத்தியிருப்பாங்கள், போனைத் தேடிப் பாருங்கோ. கை ஒரு அங்குலம் அரக்கியிருந்தாலே கம்பி வேற இடத்துக்குப் போயிருக்கும், ஏனெண்டால் கம்பி கிட்ட, சிறுத்தை எட்டத்தில. ஒரு படத்தில மறைஞ்ச கண் மற்றதில வெளிச்சிருக்கும். ரெண்டையும் போட்டோஷொப்பில ஒண்டுக்கு மேல ஒண்டா லேயராப் போட்டு, சரியாப் பொருத்தி, கம்பி இருக்கிற இடத்தை மட்டும் மாஸ்க் போட்டு மறைச்சால் கீழ இருக்கிற உண்மையான கண் வெளியில வரும். ஊகம் ஒண்டும் இல்லை, அதின்ர கண்ணையே அதுக்குத் திருப்பிக் குடுக்கிறியள். சிறுத்தை ரெண்டு படத்திலயும் அசையாமல் இருந்திருக்க வேணும், மத்தியான வெயிலுக்குப் படுத்துக் கிடந்தது எண்டால் பிரச்சினை இல்லை.

வேற படம் இல்லையெண்டால் வலது கண்ணை வெட்டித் திருப்பி இடது பக்கம் ஒட்டுற வேலை பாக்காதேங்கோ. கண்ணில விழுற வெளிச்சப்பொட்டு மற்றப் பக்கம் மாறிப்போய் பாக்க வாக்குக்கண் மாதிரி இருக்கும். நானே ஒரு காலத்தில ஒரு ஆந்தைக்கு அப்பிடிச் செய்து, பிறேமும் போட்டுக் குடுத்து, வாங்கினவர் அடுத்தநாள் கொண்டுவந்து மேசையில வச்சிட்டுப் பேசாமல் நிண்டவர். கம்பியை இருந்தபடி விடுங்கோ, இல்லாட்டி தலையை விட்டிட்டு முன்னங்காலை மட்டும் வெட்டி எடுங்கோ, அதுவும் வடிவுதான்.

மிச்சக் கம்பியளைக் கையால எடுக்கிறதெண்டால் சிறுத்தைக்குப் பின்னால தெரியிற இடம் முதல், உடம்பு பேந்து, முகம் கடைசி. தூரிகை கம்பியை விடக் கொஞ்சூண்டு அகலம் இருந்தால் காணும், ஒரே இழுவையா இழுக்காமல் துண்டு துண்டா. கம்பி முதுகுக் கோட்டை வெட்டுற இடத்தில ஹீலிங் (சுத்திவர இருக்கிற நிறத்தோட கலந்து ஒட்டுற கருவி) பாவிச்சால் ரெண்டு நிறமும் கலந்து ஊத்தையாகும், அந்த இடத்துக்கு மட்டும் குளோன் ஸ்டாம்ப் (பக்கத்தில இருக்கிறதை அப்பிடியே பிரதி எடுத்து ஒட்டுறது), மயிர் படுத்திருக்கிற பக்கத்துக்கே எடுத்து வையுங்கோ. போனில செய்யிறதெண்டால் ஸ்னாப்சீட் எண்ட செயலி சும்மா கிடைக்குது, அதிலயும் ஹீலிங் இருக்கு. மூலப்படத்தில மட்டும் கை வைக்காதேங்கோ, ஒரு கொப்பி எடுத்துச் செய்யுங்கோ.

கேள்வி: பெரிய கமரா வச்சிருக்கிற ஆக்கள் எடுக்கேக்க கம்பியே தெரியுதில்லை, எனக்கு மட்டும் ஏன் தெரியுது?
- சாவகச்சேரி மாணவன்

பதில்: தம்பி, இதைத்தான் எல்லாரும் முதல்ல கேட்டிருக்க வேணும், எடுத்த பிறகு அழிக்கிறதை விட இது எவ்வளவோ சுகம். ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு, மற்றக் கண்ணுக்குக் கிட்ட ஒரு தையல் நூலைப் பிடிச்சுத் தூரத்துப் பனையைப் பார், நூல் கண்ணாடி மாதிரி ஆகும். 200 மில்லிமீற்றர் லென்ஸை எஃப் 4 இல திறந்தால் வெளிச்சம் வாற ஓட்டை, 200ஐ நாலால பிரிச்சால், 50 மில்லிமீற்றர் அகலம், கம்பியோ ரெண்டு மூண்டு மில்லிமீற்றர், அது எப்பிடி ஓட்டை முழுக்க மறைக்கும்? ரெண்டு பக்கத்தாலயும் வெளிச்சம் உள்ளுக்க வந்திடும், கம்பி புகை மாதிரிக் கரைஞ்சிடும். போன் லென்ஸில அந்த ஓட்டை மூண்டு நாலு மில்லிமீற்றர்தான், கம்பியும் அதுவும் ஒரே அளவு, அதால கரையாது. ஆனால் அந்தச் சின்னனிலயும் ஒரு லாபம் இருக்கு, போன் லென்ஸை வலைக் கண்ணுக்கு நேராப் பிடிச்சால் கம்பியே படத்துக்குள்ள வராது.

பெரிய கமரா எண்டால் கம்பிக்குக் கிட்டப் போ, எஃப் எண்ணைக் குறை (அப்பத்தான் ஓட்டை பெருக்கும்), சூமைக் கூட்டு, மிருகம் கம்பியை விட்டு உள்ளுக்குப் போகுமட்டும் பொறு. போக்கஸ் ஒற்றைப் புள்ளியில வை, இல்லாட்டி கமரா கம்பியைத்தான் பிடிக்கும். வெயில் பட்டு மினுங்குற கம்பி கரைஞ்சாலும் படம் முழுக்க வெள்ளைப்புகார் போட்டுவிடும், நிழல் விழுந்த பக்கமாத் தேடு, இல்லாட்டி ஆரையாவது குடை பிடிக்கச் சொல்லு. சிறுத்தைக் கூடு மாதிரி இடங்களில கூட்டுக்கு முன்னால இன்னொரு வேலி இருக்கும், அதைத் தாண்டி ஒரு அடியும் போகக்கூடாது, படம் வராட்டில் வராமல் போகட்டும்.

பழகுறதுக்குத் தெஹிவளை மட்டும் போகத் தேவையில்லை, வீட்டுக் கோழிக்கூட்டு வலைக்கு முன்னால பின்னேரம் நாலு மணிக்குக் குந்து. கம்பியே வேண்டாமெண்டால் நெடுந்தீவுக்குப் போய் குதிரையை எடு, திருகோணமலைக் கோட்டைக்குள்ள புள்ளிமான் றோட்டில நிக்கும்.

கேள்வி: பாம்பு கண்ணாடிப் பெட்டிக்குள்ள, நான்தான் கண்ணாடியில தெரியிறன்.
- நெல்லியடி வாசகர்

பதில்: பிளாஷை நிப்பாட்டுங்கோ, லென்ஸைக் கண்ணாடியில முட்ட வையுங்கோ, சுத்திவர ஒரு கறுப்புத் துணி. அடுத்தமுறை வெள்ளைச் சேட்டும் போட்டுக்கொண்டு போகாதேங்கோ. கண்ணாடியில தெரியிற விம்பத்தைக் குறைக்கிற போலரைசர் பில்டர் வாங்கப்போறியள் எண்டால் நேர நிண்டு எடுக்க அது உதவாது, சரிவா நிண்டால்தான் வேலை செய்யும்.

கேள்வி: கம்பியை அழிச்ச படத்தைக் காட்டுமிருகப் போட்டிக்கு அனுப்பலாமோ? பாத்தால் ஒருத்தருக்கும் விளங்காது.
- பேர் போட விரும்பாத வாசகர்

பதில்: பேர் போடாததிலயே பதில் இருக்கு! லண்டனில நடக்கிற பெரிய வனவிலங்குப் படப்போட்டியில 2009இல முதல் பரிசு எடுத்தது ஒரு ஓநாய், மரப்படலைக்கு மேலால பாயுது, அருமையான படம். அது பழக்கின ஓநாயாத்தான் இருக்க வேணும் எண்டு நடுவர்மார் முடிவெடுத்து 2010 ஜனவரியில பரிசைப் பறிச்சவை. எடுத்தவர் கடைசி மட்டும் மறுத்தவர்தான், ஆனால் பரிசு திரும்பி வரேல்லை. அந்தப் போட்டியில படத்தில இருக்கிற ஒண்டை அழிக்கிறதுக்கும் விடமாட்டினம். உங்கட போட்டியின்ர விதியை ஒருக்கா வாசியுங்கோ. முகநூலில போடுறதெண்டால் போடுங்கோ, தெஹிவளை எண்டு எழுதிப் போட்டு, யாலக் காட்டில எடுத்தது எண்டு மட்டும் கதை விடாதேங்கோ.

கேள்வி: அப்பா இப்ப இல்லை. 1982இல மிருகக்காட்சிச்சாலையில மான்கூட்டுக்கு முன்னால எடுத்த படம் ஒண்டு இருக்கு, பூஞ்சணம் பிடிச்சிட்டுது. திருத்தேக்க பின்னால இருக்கிற கம்பியையும் எடுத்து விட்டால் மான் வடிவாத் தெரியுமெல்லோ?
- பருத்தித்துறை வாசகி

பதில்: நீங்கள் அனுப்பின பிரதியைப் பாத்தன் அக்கா. மூலப்படத்தை 600 டிபிஐயில (அங்குலத்துக்கு 600 புள்ளி) ஸ்கான் பண்ணி எடுங்கோ, தண்ணி போட்டுத் துடைக்காதேங்கோ. பூஞ்சணப் பொட்டெல்லாம் ஹீலிங்கால போகும், சேட்டில இருக்கிறது ஒரு பின்னேர வேலை. கம்பியில நான் கை வைக்க மாட்டன். அப்பா ஒரு கையால அதைப் பிடிச்சுக்கொண்டெல்லோ நிக்கிறார்.