அன்றாட வாழ்க்கையில் விசுவாசப் பாடங்களைக் கண்டுகொள்வது எப்படி?

ஞாயிறு கேட்ட பிரசங்கம் திங்களே மறந்துபோகிறது, வேலைக்கும் சமையலுக்கும் நடுவில் கடவுளின் பாடத்தை எப்படிக் காண்பது என்று கேட்டிருக்கிறீர்கள். இயேசு பாடம் சொன்னதே அந்த இடத்திலிருந்துதான். புளித்த மா, தொலைந்த காசு, கடுகு விதை, வலை.

திருகோணமலையில் வலையைத் தெரியாதவர் குறைவு. கரைவலையில் ஒரு கயிறு கரையில் நிற்கும், வள்ளம் வலையை வளைத்துப் போட்டு மறுகயிற்றைக் கொண்டுவரும், இரு பக்கமும் ஆட்கள் நின்று இழுப்பார்கள். சாளையும் வரும், கடற்பாசியும் வரும், பிளாஸ்டிக் போத்தலும் வரும். தெரிந்தெடுப்பது கரையில் உட்கார்ந்த பிறகுதான். மத்தேயு நற்செய்தியில் இயேசு சொன்ன வலை உவமையும் (13:48) இதையே சொல்கிறது. அடுத்த வசனத்தில், உலக முடிவில் மனிதரைப் பிரிக்கும் வேலை வானதூதருக்கு உரியது. பக்கத்து வீட்டாரை இன்றைக்கே நல்லவர், கெட்டவர் என்று பிரிக்கத் துடிக்கும் நமக்கு இது எவ்வளவு பெரிய விடுதலை!

பழக்கமாக்க, இயேசு சபைத் துறவிகளின் நிறுவனர் புனித இஞ்ஞாசியார் கற்றுத்தந்த ஆன்மப் பரிசோதனை உதவும். படுக்கப் போகுமுன் அன்றைய நாளை நன்றியோடு ஓட்டிப் பார்த்து, எங்கே அன்பு செய்தேன், எங்கே விலகினேன் என்று கேட்பது.

ஒரு எச்சரிக்கை. எல்லாவற்றிலும் பாடம் தேடாதீர்கள். 2004 சுனாமியில் பிள்ளையை இழந்த தாயிடம் 'இது கடவுளின் தண்டனை' என்பது கொடுமை. எருசலேமில் சீலோவாம் என்ற இடத்துக் கோபுரம் விழுந்து செத்த 18 பேர் மற்றவர்களைவிடப் பாவிகள் அல்ல என்று இயேசுவே சொன்னார் (லூக்கா 13:4-5). அந்தத் தாயின் பக்கத்தில் உட்காருங்கள், சோறு கொண்டுபோய்க் கொடுங்கள்.