குன்னூரில் தனியாக ஒரு நாள்: கேள்வி பதில்

குன்னூரில் பிறந்து வளர்ந்தவன் நான். அப்பா மலை ரயிலில் பிரேக்ஸ்மேனாக இருந்தார். தனியாக வந்து ஒரு நாள் சுற்றிப் பார்க்க நினைப்பவர்கள் கேளுங்கள். ஓட்டல் சிபாரிசு மட்டும் வேண்டாம். சொந்த ஊர் ஓட்டலில் நான் எதற்குத் தங்கியிருக்கப் போகிறேன்?

மதுரை: மேட்டுப்பாளையத்தில் ரயில் ஏறி, குன்னூர், ஊட்டி இரண்டையும் ஒரே நாளில் பார்க்க முடியுமா?

முடியும், ஆனால் பார்த்த மாதிரி இருக்காது. காலை 7.10 வண்டி குன்னூர் வர பத்தரை ஆகும், ஊட்டி சேர நடுப்பகல். அதே வண்டி மதியம் 2 மணிக்குத் திரும்பிவிடும். இடையில் கிடைக்கும் இரண்டு மணி நேரம் சாப்பாட்டுக்கும் கூட்டத்துக்கும் சரியாகப் போய்விடும். குன்னூரிலேயே இறங்கிவிடுங்கள்.

இறங்கியதும் வெளியே ஓட வேண்டாம். எஞ்சின் பக்கத்தில் போய் நில்லுங்கள். ஒவ்வொரு பக்கத்திலும் மேலே ஒரு சிலிண்டர், கீழே ஒரு சிலிண்டர் இருக்கும். கீழ் சிலிண்டர் சக்கரத்தைச் சுற்றும். அதில் வேலை முடித்த நீராவியே மேல் சிலிண்டருக்குப் போய், தண்டவாளத்து நடுவிலுள்ள பல் பட்டையைப் பிடித்து ஏறும் பல்சக்கரத்தைச் சுற்றும். ஒரே ஆவிக்கு இரண்டு வேலை.

அப்புறம் ஸ்டேஷனுக்குப் பக்கத்திலேயே பஸ் ஸ்டாண்டு. முதலில் டால்ஃபின்ஸ் நோஸ் காட்சிமுனைக்குப் போய்விடுங்கள், மதியத்துக்கு மேல் மூடுபனி இறங்கினால் எதிர்ப்பக்கத்து கேத்தரின் அருவி கண்ணுக்கே தெரியாது. திரும்பும் வழியில் லேம்ப்ஸ் ராக், அதுவும் காட்சிமுனைதான். கடைசியாக சிம்ஸ் பூங்கா, 1874-ல் அமைத்தது. அங்கே ருத்ராட்ச மரத்தைத் தேடிப் பாருங்கள். வழியில் காட்டெருமை நின்றால் அப்படியே நின்றுவிடுங்கள்.

சென்னை: நான் பெண், தனியாக வருகிறேன். பயப்பட வேண்டுமா?

பகலில் பஸ்ஸில் போய் வர எங்கள் ஊர்ப் பெண்களே யோசிப்பதில்லை. லேம்ப்ஸ் ராக்கில் மட்டும் மரங்களுக்கு நடுவே கொஞ்சம் நடக்க வேண்டும், ஆட்கள் போகும்போது சேர்ந்து போங்கள். இருட்டுவதற்கு முன் பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிடுங்கள். இருட்டுக்குப் பயந்து சொல்லவில்லை, காட்டெருமைக்குப் பயந்து சொல்கிறேன். தேயிலைத் தோட்டத்தில் சாதுவாக மேயும். பார்த்தால் வீட்டு எருமை மாதிரிதான் இருக்கும். போட்டோ எடுக்க நாலு அடி முன்னால் வைத்தால் கதையே வேறு.

இன்னொன்று. ரயில் பெட்டியில் கழிப்பறை கிடையாது. வண்டி நிற்கும் ஸ்டேஷன்களில் போய் வந்துவிடுங்கள்.

தஞ்சாவூர்: எந்தப் பக்கம் உட்கார்ந்தால் காட்சி நன்றாக இருக்கும்?

மொத்தம் 208 வளைவு. பள்ளத்தாக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக மாறிக்கொண்டே இருக்கும். பக்கத்தை விடுங்கள், முதல் பெட்டி கிடைக்குமா என்று பாருங்கள். ஏறும்போது எஞ்சின் பின்னாலிருந்து தள்ளுவதால் முன்னால் மறைக்க ஒன்றும் இருக்காது. தண்டவாளத்துக்கு நடுவே பல் வெட்டிய இரண்டு பட்டைகள் ஓடும். ஒன்றில் பல் இருக்கும் இடத்தில் மற்றதில் பள்ளம். எந்நேரமும் ஏதோ ஒரு பல் பிடித்திருக்க வேண்டும் என்பதற்காக அப்படி. பெட்டியின் முகப்பில் கொடியோடு நிற்பவர்தான் பிரேக்ஸ்மேன், பின்னால் இருக்கும் டிரைவருக்கு அவர்தான் கண். பிரேக் சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி அப்பாவுக்குச் சட்டையில் முதலில் கிழிவது வலது தோள்தான்.

நாகர்கோவில்: இ-பாஸ் வேண்டுமா?

நீலகிரிக்குள் வரும் சொந்த வண்டிக்கு வேண்டும். ரயிலுக்கும் அரசு பஸ்ஸுக்கும் வேண்டாம்.

சேலம்: மேட்டுப்பாளையத்திலிருந்து டிக்கெட் இல்லை. குன்னூர்–ஊட்டி மட்டும் நீராவி ரயிலில் போனால் போதுமா?

தாராளமாகப் போங்கள். கேத்தி பக்கம் பள்ளத்தாக்கு திறக்கும் இடம் எனக்கே அலுத்ததில்லை. ஆனால் வழக்கமான வண்டியில் அங்கே நீராவி இல்லை, டீசல். பல்சக்கரமும் இல்லை. 12 அடிக்கு ஓர் அடி ஏறும் செங்குத்து, கல்லாறு–குன்னூர் இடையில்தான்.

மறுபடி சேலம்: போன வருடம் ஊட்டிக்குப் போனபோது புகையைக் கண்ணால் பார்த்தேனே!

டீசலுக்கும் புகை உண்டு.

கோயம்புத்தூர்: 2005-ல் யுனெஸ்கோ முழுப் பாதைக்கும்தானே அங்கீகாரம் கொடுத்தது? மேல் பாதியை மட்டம் தட்ட நீங்கள் யார்?

சரி, ஒப்புக்கொள்கிறேன். 46 கிலோமீட்டரும் சேர்ந்துதான் மலை ரயில். ஆனால் 1899-ல் குன்னூர் வரைதான் ஓடியது, ஊட்டியைத் தொட்டது 1908-ல். இடைப்பட்ட ஒன்பது வருடம் எல்லோரும் குன்னூரில்தான் இறங்கினார்கள். நானும் அதைத்தான் சொல்கிறேன்.

திருச்சி: எஞ்சினெல்லாம் ஸ்விட்சர்லாந்திலிருந்து வந்ததுதானே?

பழையவை அங்கே வின்டர்தூர் நகரில் செய்தவை. பிறகு வந்தவை உங்கள் பொன்மலைப் பணிமனையில் செய்தவை. உள்ளூர்க்காரர் இதைக் கேட்கலாமா!

மறுபடி சேலம்: என் வீடியோவில் விசில் சத்தம் கேட்கிறது.

ஐயா, டீசலுக்கு ஹாரனும் உண்டு. வீடியோவில் எஞ்சினைக் காட்டுங்கள், பேசுவோம்.

விழுப்புரம்: எந்தப் பக்கம் உட்கார வேண்டும்?

தஞ்சாவூருக்குச் சொன்ன பதில்தான்.

புதுச்சேரி: என்ன வாங்கிப் போகலாம்?

வர்க்கி. டீயில் நனைத்துச் சாப்பிடுங்கள். ஊட்டி வர்க்கிக்கு 2023-ல் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது.

ஈரோடு: நவம்பரில் வரலாமா? இ-பாஸ் உண்டா?

இ-பாஸ் பற்றி மேலே இருக்கிறது. நவம்பரில் மண் சரிந்து ரயிலை நிறுத்துவது வழக்கம். முந்தின நாள் விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் நீலகிரியில் தடை, வீட்டிலிருந்தே ஸ்டீல் பாட்டில் எடுத்து வாருங்கள். மழை விட்ட சாயங்காலங்களில் காட்டெருமை ரோட்டுக்கே வரும். எத்தனை தடவை சொன்னாலும் ஒருவர் செல்ஃபி எடுக்கத்தான் போகிறார்.

மறுபடி சேலம்: வீடியோவைப் போட்டுப் பார்த்தேன். டீசல்தான். போகட்டும், குன்னூர்–ஊட்டியில் எந்தப் பக்கம் உட்காரலாம்?

எந்தப் பக்கமும். மூடுபனி வந்துவிட்டால் இரண்டும் ஒன்றுதான்.