அல்போன்சா மாம்பழத்தை வெட்டினால் உள்ளே வெள்ளையாகப் பஞ்சு போல இருக்கிறதே, பழுக்க வைக்கக் கார்பைடு கல் வைத்ததாலா?

இல்லை. நான் மும்பை மாதுங்காவில் இருக்கிறேன், கல்லூரியில் உயிர்வேதியியல் நடத்துகிறேன். போன மே மாதம் எங்கள் வீட்டிலும் இதே கேள்விதான். வழக்கமாக வாங்கும் அண்ணாச்சியிடம் ஒரு டஜன் ஹாபூஸ் (அல்போன்சாவுக்கு இங்கே அதுதான் பெயர்) வாங்கி வந்தேன். தோல் பொன்னிறம், வாசனை வீடு முழுக்க. வெட்டினால் இரண்டு பழத்தில் கொட்டையை ஒட்டி வெள்ளைத் திட்டு. "கார்பைடு வச்சு ஏமாத்திட்டான்" என்று அம்மா கொதித்தார். அண்ணாச்சியிடம் போய்ச் சொன்னபோது, "அது சாக்கா தாயி. வெட்டுற வரைக்கும் எனக்கும் தெரியாதே" என்று சொல்லி, இரண்டு பழம் மாற்றிக் கொடுத்தார். இந்தப் பஞ்சுக் கோளாறைத்தான் இங்கே சாக்கா என்பார்கள். அவர் சொன்னது நிஜம்.

அம்மாவுக்குக் காட்டுவதற்காக, முதலுதவிப் பெட்டியில் இருந்த டிஞ்சர் அயோடினை எடுத்தேன். வெள்ளைத் திட்டில் முதல் சொட்டு விழுந்ததும் நிறம் வெளுத்துப்போனது. பழத்திலுள்ள வைட்டமின் சி செய்கிற வேலை அது. இன்னும் சில சொட்டு விட்டதும் அந்த இடம் கருநீலமானது. இரண்டு விரல் தள்ளி, நன்றாகப் பழுத்த மஞ்சள் சதையில் அயோடினின் பழுப்பு அப்படியே நின்றது. கருநீலம் என்றால் மாவுச்சத்து. ஒரே பழம், ஒரே நாள். ஒரு பகுதி பழமாகிவிட்டது, இன்னொரு பகுதி காயாகவே நின்றுவிட்டது.

காரணம் நொதிகள். மாங்காய் பழுக்கும்போது அமைலேஸ் மாவுச்சத்தை உடைத்துச் சர்க்கரையாக்குகிறது. இன்வர்டேஸ் சுக்ரோஸை குளுக்கோஸ், ஃப்ரக்டோஸ் என்று பிரிக்கிறது. பஞ்சுத் திசுவில் இந்த இரண்டின் செயல்பாடும் குறைந்துகிடக்கிறது. மாவு கரையாது, இனிப்பு ஏறாது, புளிப்பும் இறங்காது. மஞ்சள் நிறம் தரும் கரோட்டினாய்டுகளும் அங்கே குறைவு. அதனால்தான் அந்த வெளிறிய வெள்ளை. கார்பைடு சட்டப்படி தடை செய்யப்பட்டது, அதை எதிர்க்கத்தான் வேண்டும். ஆனால் இந்தக் கோளாறு பழம் மரத்தில் இருக்கும்போதே தொடங்கிவிடுகிறது.

ஏன் தொடங்குகிறது என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. அல்போன்சா விளையும் கொங்கண் கடற்கரையின் செம்பாறை மண் கோடையில் கக்கும் சூடு ஒரு காரணம் என்று வெகுநாளாகச் சொல்லி வந்தார்கள். மரத்தடியில் சருகு, வைக்கோல் பரப்பி மூடாக்குப் போட்டால் குறைகிறது. பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தினர் விதையைக் கைகாட்டினார்கள். மாங்கொட்டை உலர்ந்து உறங்கும் ரகமல்ல. பழம் மரத்தில் முற்றும்போதே உள்ளே விதை முளைக்க ஆயத்தமாகி, சுற்றியுள்ள சதையிலிருந்து நீரை இழுத்துக்கொள்கிறது என்கிறார்கள். கோளாறு கொட்டைப் பக்கம் தொடங்குவதற்கு இது நன்றாகவே பொருந்துகிறது. மரத்திலேயே முழுக்க முற்ற விட்ட பழத்தில் பஞ்சு அதிகம், முக்கால் முற்றலில் பறித்ததில் குறைவு என்பதற்கும்தான்.

வாங்கும்போது கண்டுபிடிக்க வழியில்லை. எக்ஸ்ரே வைத்தால் தெரியும், சந்தையில் யார் வைப்பது? ரொம்பப் பெரிய பழங்களைத் தவிர்த்தால் வாய்ப்பு கொஞ்சம் குறையும். திட்டை மட்டும் அகலமாக வெட்டி எறிந்துவிட்டு, நன்றாக இருக்கிற மீதியைத் தாராளமாகச் சாப்பிடலாம்.

'ரத்னா' மாம்பழம் கிடைத்தால் விடாதீர்கள். மகாராஷ்டிராவின் வெங்குர்லாவில் உருவாக்கிய கலப்பின ரகம், பஞ்சு விழாது. அப்பன் அல்போன்சா, தாய் நம் ஊர் நீலம்.