ஸ்டெல்லாவைக் கடைசிப் பக்கம்வரை ஒளித்து வைக்காதே

கேள்வி: அக்கா, எனக்கு 24 வயது. தக்கலைப் பக்கம் வீடு, நாகர்கோவிலில் ஒரு ஃபிளெக்ஸ் கடையில் டிசைனராக இருக்கிறேன். ராத்திரி நேரத்தில் ஒரு காமிக்ஸ் வரைகிறேன். குளச்சலில் மீன் விற்கும் ஸ்டெல்லாதான் கதாநாயகி, படகு இன்ஜின் திருடும் கும்பலைத் துப்புத் துலக்கிப் பிடிக்கிறாள். அவள் ஒரு திருநங்கை. அதைக் கடைசிப் பக்கத்தில் உடைத்தால் செம டுவிஸ்ட் என்கிறான் நண்பன். அம்மா படங்களைப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் உனக்கு எதுக்குலே?" என்று கேட்டதோடு சரி, இரண்டு நாளாகப் பேச்சில்லை. திருநங்கை அல்லாத நான் இதை வரையலாமா? (பெயர் வேண்டாம், தக்கலை)

பதில்: வரை மக்களே. டுவிஸ்ட் மட்டும் வேண்டாம்.

அறுபது பக்கம் ஸ்டெல்லா கூடவே ஓடி வந்தவன் கடைசிப் பக்கத்தைத் திருப்பியதும் என்ன நினைப்பான்? "ஏமாத்திட்டாளே" என்றுதான். திருநங்கைகள்மேல் கை வைக்கிறவர்கள் போலீசில் சொல்லும் காரணமும் இதே வார்த்தைதான். அந்த வார்த்தையை நீயே வாசகன் வாயில் எடுத்துக் கொடுக்கப் போகிறாயா?

2013இல் பேட்கேர்ள் என்ற அமெரிக்க சூப்பர் ஹீரோயின் காமிக்ஸின் 19ஆவது இதழ் வந்தது. பேட்கேர்ளாக இருக்கும் பார்பரா தன் பழைய காயங்களை மனம்விட்டுச் சொல்கிறாள், பதிலுக்கு அவள் அறைத்தோழி அலிசியா யோ, தான் திருநங்கை என்று சொல்கிறாள். பார்பரா அவளைக் கட்டிப் பிடித்துக்கொள்கிறாள், அவ்வளவுதான், இடி இல்லை, மின்னல் இல்லை. எழுதியவர் கெயில் சிமோன். உன் கதையிலும் அப்படி ஒரு பக்கம் முதலிலேயே வந்து போகட்டும், அப்புறம் அவள் பாட்டுக்கு இன்ஜின் திருடனைத் தேடட்டும்.

நானும் இரும்புக்கை மாயாவி வாசித்து வளர்ந்தவள். 1972இல் முத்து காமிக்ஸ் மாயாவியோடுதான் தொடங்கியது, வடசேரியில் பழைய புத்தகம் கிடைத்தால் பஸ் காசைக் கொடுத்து வாங்கிவிட்டு நடந்தே வீட்டுக்கு வருவேன். மின்சாரம் பாய்ந்தால் மாயாவியின் உடம்பு மறைந்துவிடும், அந்தக் கை மட்டும் அந்தரத்தில் தெரியும். நம் கதைகளிலும் சினிமாவிலும் திருநங்கையை அப்படித்தான் காட்டிக்கொண்டிருந்தார்கள், தட்டுகிற கை மட்டும் தெரியும், ஆளைக் காணோம். அமெரிக்காவில் இதற்கு ஒரு சட்டதிட்டமே இருந்தது. 1954இல் பதிப்பாளர்கள் தங்களுக்குள் போட்டுக்கொண்ட காமிக்ஸ் விதிகள் இந்த மாதிரி விஷயங்களை ஜாடையாகக்கூடக் காட்டக் கூடாது என்றன, 1989 வரை அந்தப் பூட்டு தளரவில்லை.

பூட்டு திறந்த பிறகு வந்ததும் எல்லாம் நல்லதில்லை. சாண்ட்மேன் என்ற காமிக்ஸ் தொடரில், 1991 - 92இல் வந்த ஒரு கதையில் வாண்டா என்று ஒரு திருநங்கை. சிரிப்பும் தைரியமுமாக எனக்கு ரொம்பப் பிடித்தவள். அவளைப் புயலில் கட்டடம் இடிந்து சாக வைத்தார்கள். சொந்த வீட்டார் முடியை வெட்டி, கோட்டு மாட்டி, கல்லறையில் பழைய பெயரைப் பொறித்துவிட்டார்கள். தோழி பார்பி லிப்ஸ்டிக்கை எடுத்து அந்தக் கல்லின்மேல் வாண்டா என்று எழுதிவிட்டுப் போகிறாள். எத்தனை தடவை வாசித்தாலும் எனக்கு அந்த இடத்தில் அழுகை வரும். தோவாளைப் பூச்சந்தையில் பிச்சிப்பூ எடுத்துக் கட்டி விற்கும் என் சிநேகிதி ஒருத்தி இருக்கிறாள், திருநங்கை. அவளுக்கு அந்தப் பக்கங்களைப் படம் படமாகத் தமிழில் சொல்லிக் காட்டினேன். அவள் அழவில்லை. நாரில் பச்சைக் கறை ஏறிய விரலை அந்த எழுத்தின்மேல் வைத்து, "மழ பெஞ்சா இந்தப் பேரு போயிருமேக்கா?" என்று கேட்டாள்.

எத்தனையோ வருஷமாக வாசித்த எனக்கு அது தோன்றவே இல்லை. நீ வரையலாமா என்பதற்கு என் பதிலும் இதிலேதான் இருக்கிறது. வரையலாம், வரைந்ததை அவர்களிடம் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். எத்தனை மணிக்கு எழுந்திருப்பாய், எந்த பஸ், ஏலத்தில் யார் பக்கத்தில் நிற்பாய் என்று கேள், ஆபரேஷனைப் பற்றிக் கேட்காதே. அவர்கள் உனக்காக ஒதுக்கும் நேரத்துக்குக் காசும் கொடு. 1993இல் டூம் பேட்ரோல் தொடரில் கேட் காட்வின் என்றொரு திருநங்கை நாயகி வந்தாள், கெட்டியானதைக் கரைப்பாள், திரவத்தை உறைய வைப்பாள். அவளை உருவாக்கிய ரேச்சல் பொல்லாக்கும் திருநங்கைதான், அதனால் கேட் யாருடைய பரிதாபத்துக்கும் காத்து நிற்கவில்லை. உன் ஸ்டெல்லாவைத் தயவுசெய்து கொன்றுவிடாதே.

இப்போது மொழி. இதில்தான் நீ ரொம்ப யோசிக்க வேண்டும், ஏனென்றால் தமிழில் வினைச்சொல்லே ஆளைக் காட்டிக் கொடுத்துவிடும். ஸ்டெல்லாவின் சின்ன வயதைக் காட்டும்போது கட்டத்தின் மேலே "வந்தான்" என்று எழுதினால் அவளுக்குத் துரோகம், "வந்தாள்" என்று எழுதினால் அன்றைக்கு ஊர் அவளை எப்படிப் பார்த்தது என்பது விட்டுப்போகும். அந்தப் பக்கங்களை அவளே சொல்வதாக வைத்துவிடு. "போனேன், பார்த்தேன், பயந்தேன்", இதில் ஆணும் இல்லை பெண்ணும் இல்லை. வீட்டார் பேசும் இடத்தில் நம் ஊர்ப் பேச்சே கை கொடுக்கும், "பிள்ள கரையுது", "பிள்ள எங்க போச்சு" என்றுதானே நம் வீடுகளில் சொல்வோம். இன்னொன்று, தமிழ்நாட்டில் திருநங்கைகளுக்கு நலவாரியம் வந்தது 2008இல், திருநங்கை என்ற சொல் பரவலானதும் அந்தச் சமயத்தில்தான். கதை அதற்கு முன்னால் நடக்கிறது என்றால் தெருவில் என்ன சொல்லிக் கூப்பிட்டார்களோ அதைக் கெட்டவன் சொல்லலாம். ஆசிரியர் குரல் வரும் கட்டத்தில் அது வரக் கூடாது.

அம்மா விஷயம். அவர்கள் எத்தனை சுடலைமாடன் கோயில் கொடையில் விடிய விடிய உட்கார்ந்து கணியான் கூத்து பார்த்திருப்பார்கள்! மகுட மேளம் அடிக்க, பெண் வேஷம் கட்டிய இரண்டு ஆண்கள் சலங்கையோடு ஆடுவதைப் பார்த்து முகம் சுளித்திருக்க மாட்டார்கள். அங்கிருந்து பேச்சைத் தொடங்கு. ஆனால் வேஷம் வேறு, ஆள் வேறு என்பதையும் சொல். ஜப்பானில் டெசுகா என்ற ஓவியர் 1953இல் தொடங்கிய ஒரு காமிக்ஸில் சஃபையர் என்ற இளவரசி அரியணைக்காக இளவரசனாக வளர்க்கப்படுவாள், நம் பாரதக் கதையில் பிருகன்னளையும் அர்ச்சுனன் ஒளிந்திருக்கும் வருஷத்துக்காக எடுத்த வடிவம்தான். வேலை முடிந்தால் வேஷத்தைக் கழற்றிவிடலாம். ஸ்டெல்லாவுக்குக் கழற்ற எதுவும் இல்லை. அந்தக் கொடையையே ஒரு பக்கமாக வரைந்தால் என்ன? எல்லோரும் சாமியைப் பார்க்க, முன்வரிசையில் ஒரு பிள்ளை மட்டும் அந்தச் சலங்கைக் காலையே பார்த்துக்கொண்டிருக்கட்டும்.

அம்மா கேட்டது படத்தைப் பற்றி மட்டும்தானா என்று எனக்குச் சந்தேகம். உன்னைப் பற்றியும் ஒரு பயம் அதில் இருக்கலாம். அதற்கு நீதான் பதில் சொல்ல வேண்டும், உனக்குச் சொல்ல இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி, அதட்டாமல் பக்கத்தில் உட்கார்ந்து சொல். என்னிடம் பேச வேண்டும் என்றால் தனியாக எழுது, அது அச்சில் வராது.

முதல் பத்துப் பக்கம் முடிந்ததும் எனக்கு அனுப்பு. தோவாளைக்கு எடுத்துக்கொண்டு போகிறேன், அவளுக்குக் கண்ணாடி போட்டாலும் சின்ன எழுத்து தெரியாது, எழுத்தைக் கொஞ்சம் பெரிசாகப் போடு.