கிட்டார் டாப் புடைப்பது ஏன்? கேள்வி பதில்

சார், எட்டு வருஷமாக வாசிக்கும் கிட்டார். கம்பிகளைப் பிடித்திருக்கும் மரத்துண்டான பிரிட்ஜுக்குப் பின்னால் டாப், அதாவது மேல்பலகை, லேசாகப் புடைத்திருக்கிறது. கிட்டார் போய்விட்டதா?

இல்லை, பதற வேண்டாம். ஃப்ளாட் டாப் (தட்டையான டாப்) என்பது பெயர்தான். பெரும்பாலான கிட்டார்களின் டாப் செய்யும்போதே தட்டையாக இருப்பதில்லை. டாப்பைத் தாங்க உள்ளே ஒட்டும் மரச் சட்டங்களான பிரேஸ்களை லேசான வளைவாகச் சீவித்தான் ஒட்டுகிறார்கள்.

அதன் மேல் கம்பிகளின் இழுப்பு சேருகிறது. லைட் கேஜ் (மெல்லிய ரக) ஸ்டீல் கம்பிகள் ஆறும் சேர்ந்து 70 கிலோவுக்கு மேல் இழுக்கும். தாங்குவது சுமார் 3 மி.மீ. கனமுள்ள பலகை. கம்பிகள் பலகைக்குச் சற்று மேலே, பிரிட்ஜில் செருகிய மெல்லிய பட்டையான சேடிலின் தலையில் உட்கார்ந்திருப்பதால் பிரிட்ஜை முன்பக்கமாகக் கவிழ்க்கப் பார்க்கின்றன. பின்விளிம்பு எழும்பும், முன்விளிம்பு அமுங்கும். பின்னால் புடைப்பு, சவுண்ட் ஹோல் (டாப்பிலுள்ள வட்டத் துளை) பக்கம் லேசான பள்ளம். இத்தனை வருஷம் இழுபட்ட மரத்தில் இது கொஞ்சமாவது இருக்கும். டாப்பை மெல்லியதாக, துடிப்பாகச் செய்வதற்குக் கொடுக்கும் விலை இது. எனக்கு அது சரியான விலையாகவே படுகிறது.

எவ்வளவு புடைப்பு அதிகம்? வீட்டில் எப்படிப் பார்ப்பது?

நேரான ஸ்கேல் ஒன்றை பிரிட்ஜுக்குப் பின்னால் குறுக்காக வையுங்கள். நடுவில் முட்டும், இரண்டு ஓரத்திலும் இடைவெளி தெரியும். 28 அடி ஆரத்தில் வளைத்த, 40 செ.மீ. அகலமுள்ள டாப்பில் செய்த நாளிலேயே அந்த இடைவெளி 2 மி.மீ.க்குச் சற்று மேல் இருக்கும். ஆகவே 3 மி.மீ. பார்த்து யாரும் பயப்பட வேண்டியதில்லை.

அடுத்து, நீளமான ஸ்கேலை, கழுத்தில் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகளான ஃப்ரெட்டுகள் மேல் படுக்க வைத்து பிரிட்ஜ் வரை தள்ளுங்கள். அதன் முனை பிரிட்ஜ் மரத்தின் மேல்விளிம்பைத் தொட்டுக்கொண்டு போனால் நல்லது. விளிம்புக்குக் கீழே போய் இடித்தால் கழுத்தின் கோணம் மாறிவிட்டது.

இன்றைய அளவைத் தேதியோடு எழுதி வையுங்கள். அடுத்த வருஷம் இதே பருவத்தில் மறுபடி அளந்தால்தான் புடைப்பு நின்றுவிட்டதா, வளர்கிறதா என்று தெரியும். நின்றுபோன புடைப்பு பெரிதாக இருந்தாலும் நான் விட்டுவிடுவேன். வளர்கிற புடைப்பு சிறிதானாலும் விட மாட்டேன்.

அண்ணா, ஈரமான மாதங்களில் ஃப்ரெட்டுக்கு மேல் கம்பி நிற்கும் உயரம், அதாவது ஆக்‌ஷன் ஏறுகிறது. வறண்ட காலத்தில் கம்பி ஃப்ரெட்டில் பட்டு அதிர்கிறது. இதுவும் அதேதானா?

இது வேறு. மரம் ஈரத்தை இழுத்தால் இழைக்குக் குறுக்கே விரியும். இழையின் நீளத்தில் அநேகமாக விரியாது. டாப் அகலவாட்டில் விரியப் பார்க்கிறது. இழையைக் குறுக்கே கடக்கும் பிரேஸ்கள் நீள மறுக்கின்றன. வேறு வழியில்லாமல் டாப் மேலே வளைகிறது. காய்ந்தால் இதற்கு நேர்மாறாக உள்வாங்கும். கழுத்தின் ஓரமாக விரலை ஓட்டிப் பாருங்கள், ஃப்ரெட் முனைகள் குத்தினால் மரம் காய்ந்திருக்கிறது. இன்னும் காய்ந்தால் டாப்பில் வெடிப்பு விழும்.

ஈரத்தால் வந்த மாற்றம் பெரும்பாலும் திரும்பிவிடும். கம்பி இழுப்பால் வருஷக்கணக்கில் வந்தது அப்படித் திரும்பாது. பெட்டிக்குள் ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதம் இருக்கட்டும். இதைக் கவனிக்காமல் சேடிலை மட்டும் தேய்த்தால் அடுத்த வறட்சியில் புது சேடில் போட வேண்டிவரும்.

ஆக்‌ஷன் ஏறியிருக்கிறது. ட்ரஸ் ராடை இறுக்கினால் சரியாகுமா?

வேண்டாம். கழுத்துக்குள் ஓடும் உலோகத் தண்டான ட்ரஸ் ராட் கழுத்தின் வளைவைச் சரிசெய்ய மட்டும். சேடிலில் உயரம் மிச்சமிருந்தால் அதைக் குறைக்கலாம். மிச்சமில்லை என்றால் நெக் ரீசெட், அதாவது கழுத்தைக் கழற்றிக் கோணம் மாற்றிப் பொருத்துவது. பிரிட்ஜ் மரத்தைச் சீவி உயரம் குறைப்பதற்கு மட்டும் சம்மதிக்காதீர்கள்.

வாசிக்காதபோது கம்பியைத் தளர்த்த வேண்டுமா?

தினமும் வேண்டாம். பல மாதம் தொடப்போவதில்லை என்றால் ஒன்றிரண்டு ஸ்வரம் இறக்கி வையுங்கள். அதைவிட முக்கியம், வெயிலில் நிற்கும் காருக்குள் விடாதீர்கள். சூட்டில் பசை இளகிவிடும். கம்பி இழுத்துக்கொண்டே இருக்கும்.

இரண்டே வாரத்தில் புடைப்பு கூடிவிட்டது. வாசித்தால் உள்ளே ஏதோ கரகரக்கிறது.

இப்போதே கம்பியைத் தளர்த்துங்கள், மற்றதை அப்புறம் பார்க்கலாம். பிரேஸ் ஒட்டு விட்டிருக்க வாய்ப்பு அதிகம். விரல் முட்டியால் டாப்பை இடம் இடமாகத் தட்டுங்கள். ஒட்டியிருக்கும் இடத்தில் ‘டொக்’ என்று கேட்கும், ஒட்டு விட்ட இடத்தில் ஓசை சிதறும். சவுண்ட் ஹோல் வழியே சின்னக் கண்ணாடியும் டார்ச்சும் வைத்துப் பாருங்கள். பிரேஸுக்கும் பலகைக்கும் நடுவே காகிதத் துண்டு நுழைந்தால் சந்தேகமே இல்லை. பசை விட்டு கிளாம்ப் போட்டு ஒட்டிவிடலாம். தள்ளிப்போட்டால் பக்கத்து பிரேஸும் கிளம்பும்.

நைலான் கிட்டாரில் ஸ்டீல் கம்பி போட்டிருக்கிறேன், ஓசை பலமாக இருக்கிறது. பரவாயில்லையா?

இன்றே கழற்றுங்கள். நைலான் கம்பிகளின் மொத்த இழுப்பு சுமார் 40 கிலோதான். அந்த டாப்பும் மெல்லிய விசிறி பிரேஸ்களும் அதற்காகச் செய்தவை. நைலானுக்கு மாற்றி ஒரு மாதம் விட்டு, ஸ்கேல் வைத்து அளந்து எழுதுங்கள்.